நாயை இணைசேர்க்கும் முன் போட வேண்டிய கணக்கு

வளர்ப்பு நாயைக் குட்டி ஈனவைக்க எண்ணுபவர் ஆண் நாயைத் தேடப் புறப்படும் முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அதன் முதல் பக்கத்தில் இரண்டு தொகைகளை எழுத வேண்டும். முதலாவது, விடுமுறை நாளின் நள்ளிரவில் அவசர அறுவை செய்து குட்டிகளை எடுக்க நேர்ந்தால் கால்நடை மருத்துவமனை வாங்கும் முழுக் கட்டணம். இரண்டாவது, ஒரு குட்டிகூட வேறு வீட்டுக்குப் போகாத நிலையில் அத்தனையையும் 16 வாரம் வரை உங்கள் வீட்டிலேயே வைத்து வளர்க்க ஆகும் செலவு. இந்த இரண்டு தொகைகளும், யாரிடமும் கைமாற்று வாங்காமல், இணைசேர்க்கும் நாளுக்கு முன்பே உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இந்தப் பருவத்தை விட்டுவிடுங்கள். நாய்க்கு அதனால் எந்த இழப்பும் இல்லை.

‘ஒரு முறையாவது குட்டி போட்டால்தான் பெட்டை நாய்க்கு உடம்பு சீராக இருக்கும்’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதற்கு மருத்துவ அடிப்படை கிடையாது. சினையும் ஈற்றும் அதன் உடலுக்குப் பெரும் சுமைகள். தாயே இறந்துபோகும் ஈற்றுகளும் உண்டு. பிள்ளைகள் பிறப்பைப் பார்க்கட்டும் என்பதும், இதைப் போலவே இன்னொன்று வேண்டும் என்பதும் போதிய காரணங்கள் ஆகா. உங்கள் நாய் அச்சமோ சீற்றமோ இல்லாத நிதானமான குணம் உடையதாக இருந்து, அதன் இனத்துக்குரிய பரம்பரை நோய்கள் அதற்கு இல்லை என்று சோதனைகள் காட்டி, குட்டிகளை வாங்கத் தகுதியான சில வீடுகளும் முன்கூட்டியே காத்திருந்தால் மட்டுமே இந்த வேலையில் இறங்கலாம் என்பது என் கருத்து.

முதலில் சோதனைகள்

பெட்டை நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் முதன்முறை பருவத்துக்கு வந்துவிடும். பெரிய இனங்களில் இன்னும் தாமதமாகலாம். பருவத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக அது தாயாகத் தயாராகிவிட்டது என்று கொள்ளக் கூடாது, ஏனெனில் எலும்பும் குணமும் முதிர இரண்டு வயது வரை ஆகும். அமெரிக்காவிலுள்ள விலங்குகளுக்கான எலும்பியல் அறக்கட்டளை இடுப்பு மூட்டுக்கான இறுதிச் சான்றிதழை 24 மாதம் நிறையாத நாய்க்கு வழங்குவதில்லை. இடுப்பு, முழங்கை மூட்டுகளின் எக்ஸ்ரே, கண் மருத்துவரின் பரிசோதனை, இதயப் பரிசோதனை, சிறிய இனமானால் முழங்கால் சில்லு நழுவுகிறதா என்ற பார்வை ஆகியவற்றை இனத்துக்கு ஏற்பச் செய்ய வேண்டும். டிஎன்ஏ சோதனை இவற்றோடு சேர்வது. இவற்றுக்கு மாற்று ஆகாது, ஏனென்றால் இடுப்பு மூட்டுக் கோளாறு போன்றவை பல மரபணுக்களும் வளர்ப்பு முறையும் கலந்து உண்டாவதால் ஒற்றைச் சோதனையில் அகப்படுவதில்லை.

டிஎன்ஏ முடிவைப் படிக்கத் தெரிந்துகொள்வது எளிது. ஒடுங்கு மரபணுவால், அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே நோயாக வெளிப்படும் மரபணுவால் வரும் நோயில், அதைச் சுமந்தும் நலமாக இருக்கும் இரண்டு நாய்களைச் சேர்த்தால் ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. சுமக்கும் நாயை அந்த மரபணு அறவே இல்லாத நாயோடு சேர்த்தால் ஏறக்குறையப் பாதிக் குட்டிகள் சுமப்பவையாக இருக்குமே தவிர, அந்த மரபணுவால் எதற்கும் அந்த நோய் வராது. ஆகவே சுமக்கும் நாயை அடியோடு ஒதுக்க வேண்டியதில்லை. துணையைத்தான் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உடலெங்கும் திட்டுத்திட்டாக நிறம் வெளுத்துத் தெரியும் மெர்ல் நிறத்தில் மட்டும் கடுமையாக இருங்கள்: இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்க்கவே கூடாது, சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இரட்டையாகப் பெறும், அப்படிப் பெற்றவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கும்.

இந்தச் சோதனைகளுக்குச் செலவழித்த பிறகு இடுப்பு எக்ஸ்ரே மோசமாக வந்துவிட்டால் அந்தப் பணம் வீணாயிற்று என்று நினைக்காதீர்கள். வலியோடு நடக்கும் ஏழெட்டு நாய்களை உலகுக்குக் கொண்டுவராமல் தடுத்த பணம் அது.

ஆண் நாயும் ஒப்பந்தமும்

ஆண் நாய்க்கும் அதே சோதனைகள் தேவை; சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் உரிமையாளரின் வாய்ச்சொல்லை ஏற்கக் கூடாது. வம்சாவளியைக் குறைந்தது ஐந்து தலைமுறை பாருங்கள். தந்தையும் மகளும் சேர்ந்தாலோ உடன்பிறந்தவை சேர்ந்தாலோ பிறக்கும் குட்டிகளின் உட்கலப்பு அளவு, அதாவது நெருங்கிய உறவுக்குள் சேர்ந்ததைக் காட்டும் எண், 25 விழுக்காடாகவும், ஒரு பெற்றோரை மட்டும் பகிர்ந்துகொண்டவை சேர்ந்தால் 12.5 விழுக்காடாகவும் இருக்கும். இந்த எண் ஏற ஏற ஈற்றில் குட்டிகளின் எண்ணிக்கையும் உயிர்த்திறனும் குறைவதுதான் பொதுவாகக் காணப்படும் போக்கு.

எந்தச் சமரசமும் இல்லாமல் இரண்டு நாய்களுக்கும் செய்ய வேண்டியது புருசெல்லா கேனிஸ் சோதனை. இந்தக் கிருமி இணைசேர்க்கையால் பரவி, சினையின் பிற்பகுதியில் கருவைக் கலைத்து, ஆண் நாயை மலடாக்கிவிடும், மருந்து கொடுத்தாலும் உடலை விட்டு முழுமையாக நீங்கியது என்று உறுதி சொல்ல முடியாது, மனிதருக்கும் தொற்றும். ஒவ்வொரு இணைசேர்க்கைக்கு முன்பும் புதிதாகச் சோதிக்க வேண்டும்.

ஆண் நாயின் கட்டணம் பணமாகவா, குட்டியாகவா, சினை நிற்காவிட்டால் அடுத்த பருவத்தில் மறுபடி விடுவார்களா, ஒற்றைக் குட்டி பிறந்தால் அது யாருக்கு என்பதையெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். நெருங்கிய நண்பரானால் இன்னும் கவனமாக எழுத வேண்டும். உங்கள் பகுதிச் சட்டத்தில் உரிமமோ பதிவோ தேவையா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செலவுக் கணக்கு

நோட்டின் அடுத்த பக்கத்தை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் கட்டாயம் வரும் செலவுகள்: மேலே சொன்ன சோதனைகள், இணைசேர்க்கும் நாளைக் கணிக்க மூன்று முதல் ஐந்து முறை எடுக்கும் ரத்தப் பரிசோதனை, ஆண் நாயின் கட்டணம், பயணம், ஸ்கேன், எக்ஸ்ரே, தாய்க்குக் கூடுதல் உணவு, ஈற்றுப் பெட்டி, வெப்பம் தரும் விளக்கு அல்லது விரிப்பு, கிராம் அளவில் துல்லியமாகக் காட்டும் தராசு, வெப்பமானி, பழைய துண்டுகள் இரண்டு மூட்டை, குட்டிகளின் குடற்புழு நீக்கம், தடுப்பூசி, தோலடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப், பதிவு. இரண்டாம் பத்தியில் வரக்கூடிய செலவுகள்: சினை நிற்காமல் போய் எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்வது, தாயின் மடி வீங்கிச் சிகிச்சை தேவைப்படுவது, பால் போதாமல் குட்டிகளுக்கான பால்மாவு வாங்குவது, ஒரு குட்டியின் மேலண்ணம் பிளந்திருப்பது. மூன்றாம் பத்தியில் நெருக்கடிகள்: அறுவை, தாய் இறந்து குட்டிகள் அனைத்தும் உங்கள் கைக்கு வருவது, குட்டிகளின் குடலைத் தாக்கிக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் வந்து எல்லாக் குட்டிகளையும் மருத்துவமனையில் சேர்ப்பது.

ஒவ்வொரு வரிக்கும் உங்கள் மருத்துவரிடமே தொகையைக் கேட்டு எழுதுங்கள். ஊகத்தில் எழுதிய எண் எப்போதும் உண்மையைவிடச் சிறியதாகவே இருக்கும். முதல் பத்தி முழுவதும், இரண்டாம் பத்தியில் பாதி, மூன்றாம் பத்தியில் ஆகப் பெரிய ஒரு செலவு முழுவதுமாக, இவற்றைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் முதலீடு. புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாஸ்டன் டெரியர் போன்ற தட்டை முக இனங்களில் பிரிட்டனில் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு பத்தில் எட்டு ஈற்றுகளுக்கு மேல் அறுவை மூலமே நடந்ததாகக் கண்டது. ஆகவே அந்த இனங்களுக்கு அறுவைக் கட்டணத்தை முதல் பத்தியிலேயே எழுத வேண்டும். மூச்சு விடவே திணறும் நாயாக இருந்தால் அதைச் சினைப்படுத்தவே கூடாது.

குட்டிகளின் எண்ணிக்கையால் பெருகும் செலவுகளில்தான் பலர் தவறுகிறார்கள். ஏழு குட்டிகள் பிறந்ததாகக் கொள்ளுங்கள். 2, 4, 6, 8 ஆம் வாரங்களில் குடற்புழு மருந்து தர வேண்டும், அது 28 வேளை. 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, பிறகு 16 வாரம் வரை இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை அடுத்தவை என்பதால், எல்லாக் குட்டிகளும் வீட்டிலேயே தங்கினால் ஊசிகள் மட்டும் இருபதைத் தாண்டும். தாயிடம் பால் இல்லாமல் போனால் முதல் வாரத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, அதாவது நாளுக்கு எட்டு முறை, ஏழு குட்டிகளுக்கு 56 முறை புட்டிப்பால் தர வேண்டும். ஒரு குட்டிக்குப் பத்து நிமிடம் என்றாலும் அது ஒன்பது மணி நேரத்துக்கு மேல். அதனால் பணத்தோடு விடுப்பையும் கணக்கில் சேருங்கள். ஈற்றுக்கு ஒரு வாரம் முன்பிருந்து இரண்டு வாரம் பின்பு வரை வீட்டில் யாராவது ஒருவர் இரவும் பகலும் இருக்க வேண்டும்.

வரவுப் பத்தி ஒன்றையும் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், ஆனால் அதை வெறுமையாகவே விட்டுவைக்கச் சொல்வேன். ஒற்றைக் குட்டி பிறக்கலாம். அது பெரிதாக வளர்ந்து, ஈற்று தொடங்காமலே அறுவைக்குக் கொண்டுபோகலாம். நன்றாகக் கவனித்தும் பிறந்தவற்றில் ஒன்றிரண்டு இறந்துபோவது அரிதல்ல. வரவை நம்பிச் செலவைத் தாங்கத் திட்டமிடுபவர் ஏதேனும் ஒரு சோதனையைக் கைவிடுவார், அல்லது குட்டியை ஆறாம் வாரமே தள்ளிவிடுவார். இரண்டுக்கும் விலை கொடுப்பது குட்டிதான்.

சினைக் காலம்

பருவம் தொடங்கிய எத்தனையாவது நாள் சேர்ப்பது என்று விரல்விட்டு எண்ணுவதைவிட, ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவைப் பார்ப்பது நம்பகமானது. அது மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமை எட்டும் வேளையில் கருமுட்டைகள் வெளிவருகின்றன. நாயின் முட்டைகள் முதிர மேலும் இரண்டு நாள் தேவைப்படுவதால் அதன் பிறகான இரண்டு மூன்று நாட்களே சிறந்தவை. முட்டை வெளிவந்த நாள் தெரிந்தால் அதிலிருந்து ஏறக்குறைய 63 ஆம் நாள் ஈற்று நடக்கும். சேர்ந்த நாளிலிருந்து மட்டும் எண்ணினால் 57 முதல் 72 நாள் வரை தள்ளாடும். அவசரத்தில் அறுவை செய்யலாமா, காத்திருக்கலாமா என்ற கேள்வி வரும்போது மருத்துவருக்கு அந்தத் துல்லியமான நாள்தான் கைகொடுக்கும்.

சேர்ந்து 28 நாள் அளவில் ஸ்கேன் செய்தால் சினையும் கருக்களின் இதயத் துடிப்பும் தெரியும். குட்டிகளை எண்ணுவதற்கு 55 ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஈற்று முடிந்துவிட்டதா, உள்ளே இன்னும் ஒன்று தங்கியிருக்கிறதா என்பதை அந்த எண்ணே சொல்லும். தடுப்பூசிகளைப் பருவத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும், ஏனெனில் உயிருள்ள கிருமிகளால் செய்த ஊசிகளைச் சினையில் போடக் கூடாது. முதல் ஐந்து வாரம் வழக்கமான உணவே போதும். பிறகு மெல்லக் கூட்டி, ஈற்று நெருங்கும்போது கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை அதிகமாக, குட்டிகளுக்கான தரமான உணவைச் சிறு சிறு வேளைகளாகத் தரலாம். பாலூட்டும் மூன்று நான்காம் வாரங்களில் அது வழக்கத்தைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு தின்னும்.

அன்பினால் செய்யும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். சினை நாய்க்குக் கால்சியம் மாத்திரையோ மருந்தோ தனியாகத் தராதீர்கள். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், தன் எலும்பிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும் உடலின் திறன் மந்தப்பட்டு, பால் பெருகும் நாட்களில் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று சரிந்துவிடும். ஈன்ற சில வாரங்களுக்குள் தாய் மூச்சிரைத்து, தசை நடுங்கி, விறைத்த கால்களோடு நடந்தால் அது இதுவே. குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

ஈற்றுக்கு முந்திய மூன்று வாரமும் பிந்திய மூன்று வாரமும் வெளி நாய்களை அருகில் விடாதீர்கள். வளர்ந்த நாய்க்கு வெறும் சளியாக வந்துபோகும் ஹெர்பிஸ் வைரஸ் பச்சிளங்குட்டிகளைக் கூட்டமாகக் கொன்றுவிடும்.

ஈற்று

தாய் கால்களை நீட்டிப் படுத்து இன்னும் சற்று இடம் மிஞ்சும் அளவில் பெட்டி இருக்க வேண்டும். உள்ளோரத்தைச் சுற்றிலும் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு கட்டை அடித்துவையுங்கள். தாய் சாயும்போது சுவருக்கும் முதுகுக்கும் இடையே குட்டி நசுங்காமல் அது காக்கும். ஒரு வாரம் பத்து நாள் முன்பே அதில் படுக்கப் பழக்குங்கள்.

58 ஆம் நாளிலிருந்து நாளுக்கு இரண்டு மூன்று முறை ஆசனவாயில் வெப்பநிலை பார்த்து எழுதுங்கள். வழக்கமாக 38 பாகை செல்சியஸைத் தாண்டி இருப்பது 37.2-க்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈற்று தொடங்கும். தாய் நிலைகொள்ளாமல், துணியைப் பிராண்டி, உணவை மறுத்து, நடுங்கி மூச்சிரைக்கும் முதல் கட்டம் 6 முதல் 12 மணி நேரமும் அதற்கு மேலும் நீளலாம். அப்போது பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பதே உங்கள் வேலை.

எப்போது மருத்துவரை அழைப்பது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் நினைவை நம்ப முடியாது. அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வராவிட்டால் அழையுங்கள். உள்ளே குட்டி இருப்பது தெரிந்தும் இரண்டு மணி நேரமாக எதுவும் நிகழாவிட்டால் அழையுங்கள். முதல் குட்டி வரும் முன்பே கரும்பச்சை நீர் கசிந்தால் நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது என்று பொருள், ஆகவே ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. வெப்பநிலை இறங்கி ஒரு நாள் கடந்தும் ஈற்று தொடங்காவிட்டாலும் அப்படியே. வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் ஊசியை வீட்டில் போடச் சொல்லும் யாருடைய பேச்சையும் கேட்காதீர்கள். குட்டி சிக்கியிருக்கும்போது அதைப் போட்டால் கருப்பை கிழிந்துவிடும்.

குட்டியைச் சுற்றிய பனிக்குடத்தைத் தாய் கிழிக்காவிட்டால் நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, காய்ந்த துண்டால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். சளியை வெளியேற்றக் குட்டியைத் தலைகீழாகப் பிடித்து வீசும் பழைய முறை மூளையில் காயம் உண்டாக்கும் என்பதால் கைவிடப்பட்டுவிட்டது.

முதல் இரண்டு வாரம்

பிறந்த குட்டிக்குத் தன் உடலைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் படுக்கையின் ஒரு பகுதி 29 முதல் 32 பாகை வரை சூடாக இருக்கட்டும். மறுபகுதி சற்றுக் குளிர்ந்திருந்தால் புழுங்கும் தாயும் குட்டியும் நகர்ந்துகொள்ளும். சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருள்களை முதல் நாளில் மட்டுமே குடல் உறிஞ்சும், அதிலும் முதல் சில மணி நேரமே சிறந்தது என்பதால் ஒவ்வொரு குட்டியும் காம்பைப் பிடித்ததா என்று கண்ணால் பாருங்கள்.

கழுத்தில் தளர்வாக வெவ்வேறு நிற நூல் கட்டி, காலையும் மாலையும் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். நாளுக்கு 5 முதல் 10 விழுக்காடு ஏறி, 7 முதல் 10 நாளுக்குள் பிறந்த எடை இரட்டிப்பாக வேண்டும். நான் பார்த்த ஓர் ஈற்றில் மஞ்சள் நூல் கட்டிய பெட்டைக்குட்டி 310 கிராமில் பிறந்தது. மாலையில் 302, மறுநாள் காலை 288. பார்வைக்கு மற்றவற்றைப் போலவே கொழுகொழுவென்று இருந்தது, காம்பருகேதான் கிடந்தது. தராசு இல்லையென்றால் யாருக்கும் ஐயம் வந்திருக்காது. வாய்க்குள் சுண்டுவிரலை வைத்தபோதுதான் உள்ளே குளிர்ந்திருப்பது தெரிந்தது, வெப்பமானி 33.8 காட்டியது. குளிர்ந்த குட்டியின் குடல் இயங்காது, ஊட்டிய பால் செரிக்காமல் நுரையீரலுக்குள் போய்விடலாம் என்பதால் பால் தராமல், சட்டைக்குள் மார்போடு அணைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் மெல்லச் சூடேற்றி, 36-ஐத் தொட்ட பிறகு பால் மிகுந்த பின்காம்பில் சேர்த்தேன். விரலில் பட்ட அந்த முதல் உறிஞ்சலை இப்போதும் உணர்கிறேன். அடுத்த நாள் மாலை 318. நோட்டில் அந்த ஒரு பத்தியை எழுதாமல் விட்டிருந்தால் அதை இழந்திருப்பேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து

10 முதல் 14 நாளில் கண் திறந்து, மூன்றாம் வாரத்தில் காது கேட்டு, நான்காம் வாரத்தில் ஊறவைத்த உணவை நக்கத் தொடங்கிய பிறகு, செலவில் உணவும் துப்புரவும் பெருகும். உழைப்பில் பழக்குவது பெருகும். 3 முதல் 12 வாரம் வரையிலான காலத்தில் குட்டி எதைக் கண்டு பழகுகிறதோ அதை வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்கும். குழந்தையின் அழுகை, பாத்திர ஓசை, வழுக்குத் தரை, புல், முதியவர், குடை பிடித்தவர் என்று நாளுக்கு ஒன்றிரண்டாகக் காட்டுங்கள். நாளுக்கு ஒரு முறையாவது ஒவ்வொரு குட்டியையும் தனியே தூக்கி நகமும் காதும் தொட்டுப் பழக்குங்கள்.

எட்டு வாரம் நிறையும் முன் எதையும் அனுப்பாதீர்கள். கடிக்கும் அளவைக் குட்டி தாயிடமும் உடன்பிறந்தவற்றிடமும்தான் கற்றுக்கொள்கிறது. வாங்க வருபவரிடம் பகலில் நாயோடு யார் இருப்பார், முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேளுங்கள். கேட்டதற்காகக் கோபிப்பவருக்குக் குட்டி தராமல் இருப்பதே நல்லது. என்ன காரணமாக இருந்தாலும், எத்தனை ஆண்டு கழித்தும், வளர்க்க முடியாமல் போனால் நாய் உங்களிடமே திரும்ப வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அதை எழுதும் நாளில் நோட்டின் செலவுப் பக்கத்திலும் ஒரு வரி சேருங்கள்: திரும்பி வரும் ஒரு நாய்க்கான இடமும் உணவும்.

தாயை அடுத்த ஈற்றுக்கு எடுத்துச் செல்லாமல் நிறுத்துவதாக இருந்தால், குட்டிகள் பால் மறந்து மடி வற்றிய பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். வயது ஏறிய பெட்டைகளை வருத்தும் கருப்பைச் சீழ் நோயிலிருந்து அது காக்கும். இன்னொரு ஈற்று வேண்டுமா என்ற முடிவைக் குட்டிகளின் அழகைப் பார்த்து எடுக்காதீர்கள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரு வாரம், ஆறு மாதம், ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்து அந்தந்த வீட்டை அழைத்து, குணம் எப்படி, மூட்டு எப்படி, கண் எப்படி என்று கேட்டு எழுதுங்கள். முதல் ஆண்டு முடிவுகளாவது வந்து, அவை நன்றாக இருந்த பிறகே அதே இணையைப் பற்றி மறுபடி யோசியுங்கள்.